ஈர்ப்பு அலை வானியல், இனிமேல் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 பிப்ரவரியில் ஈர்ப்பு அலையை முதன்முதலாகப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து, தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறவன் இல்லை, விடாமல் பின்தொடர்கிறவன். அதனால் பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். அது எது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: ஈர்ப்பு அலை என்றால் என்ன? ரப்பர் விரிப்பு, குண்டு கதையெல்லாம் வேண்டாம்.

சரி, வேண்டாம். கனமான எதுவும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றினால், அந்த வளைவு அங்கேயே நிற்காமல் ஒளியின் வேகத்தில் நாலாபக்கமும் பரவும். போகிற வழியில் எதைக் கடந்தாலும் அதை ஒரு திசையில் கொஞ்சம் நீட்டும், குறுக்குத் திசையில் கொஞ்சம் சுருக்கும், அடுத்த கணம் அப்படியே மாற்றிச் செய்யும். 1916-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுச் சொன்னது இது. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலையைப் பிடிக்கவே அமெரிக்காவில் கட்டிய இரண்டு லைகோ நிலையங்களில் முதன்முதலாகச் சிக்கியது. சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது கிளம்பிய அலை, இங்கே கேட்டது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்.

சில நாளிதழ்கள் இதைப் 'புவியீர்ப்பு அலை' என்று எழுதுகின்றன. புவிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஈர்ப்பு அலை என்று சொன்னாலே போதும்.

கேள்வி: அதான் கண்டுபிடித்து நோபலும் வாங்கியாயிற்றே, இன்னும் என்ன பாக்கி?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒரு பொருள் இருக்கிறது என்று நிரூபிப்பது வேறு, அதை வைத்து வேலை செய்வது வேறு. கலிலியோ தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளைப் பார்த்ததோடு வானியல் முடிந்துவிட்டதா என்ன?

2015 செப்டம்பரில் ஒன்று. 2025 ஆகஸ்டில் வெளிவந்த பட்டியலில் 218. இப்போதைய கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒரு மோதல் பிடிபடுகிறது. இந்த எண்ணிக்கை வந்த பிறகுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி ஒரு வேலை சாத்தியமாயிற்று: எந்த எடையில் எத்தனை கருந்துளை, எவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே சுற்றுகின்றன, ஜோடி எப்படிச் சேர்ந்தது. அந்தக் கணக்கெடுப்பிலும் வில்லங்கம் இருக்கிறது. 2023 நவம்பர் 23 அன்று பதிவான ஒரு மோதலில் இரண்டு கருந்துளைகளுமே சூரியனைப் போல நூறு மடங்கைத் தாண்டிய எடை, சேர்ந்து உருவானது சுமார் 225 மடங்கு. ஒரு விண்மீன் இறந்து கருந்துளையாவதற்கு நாம் எழுதி வைத்திருக்கும் விதிப்படி ஏறத்தாழ 60-இலிருந்து 130 மடங்கு வரை எதுவும் உருவாகக் கூடாது, அந்த எடைக்குள் வரவேண்டிய விண்மீன் கருந்துளையாகாமல் மிச்சமே இல்லாமல் வெடித்துச் சிதறிவிடும். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? முன்னால் மோதிச் சேர்ந்த கருந்துளைகளே மறுபடியும் மோதியிருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். இன்னும் பத்துப் பன்னிரண்டு இதே மாதிரி சிக்கினால்தான் உறுதியாகப் பேச முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 2025 ஜனவரி 14 அன்று வந்த அலை, எடையிலும் தூரத்திலும் கிட்டத்தட்ட 2015-இல் வந்த முதல் அலையின் அச்சு. ஆனால் பத்து ஆண்டுகளில் கருவி மெருகேறியதால் மூன்று மடங்கு தெளிவாகக் கேட்டது. அந்தத் தெளிவை வைத்து, ஸ்டீஃபன் ஹாக்கிங் 1971-இல் சொன்ன ஒரு விதியைச் சோதித்தார்கள்: கருந்துளைகள் சேரும்போது மேற்பரப்பு மொத்தத்தில் குறையவே கூடாது. மோதலுக்கு முன் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 2,40,000 சதுர கி.மீ., பின்னால் சுமார் 4,00,000. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கி.மீ. என்று வைத்துக்கொண்டால், இரண்டு தமிழ்நாட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்று தமிழ்நாடு ஆனது. எங்கேயோ இருக்கும் கருந்துளையின் பரப்பை ஊர் நிலத்தை அளக்கிற மாதிரி அளந்து சொல்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

கேள்வி: புரோட்டானைவிடச் சின்ன அசைவை அளக்கிறோம் என்கிறார்கள். காதில் பூ சுற்றுகிறார்களா?

சந்தேகப்படுவது நியாயம். 4 கி.மீ. நீளமுள்ள இரண்டு குழாய்கள், ஆங்கில 'எல்' எழுத்து வடிவில். மூலையிலிருந்து லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து அனுப்பி, கோடியில் இருக்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வருவதை ஒப்பிடுகிறார்கள். முதல் அலை வந்தபோது அந்த 4 கி.மீ. மாறிய அளவு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு.

இதில் அந்தக் கண்ணாடி எப்படித் தொங்குகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 34 செ.மீ. விட்டம், 40 கிலோ எடை. அதைத் தாங்குவது இரும்புக் கம்பி இல்லை, 0.4 மி.மீ. தடிமனுள்ள நான்கு கண்ணாடி இழைகள். கண்ணாடியா, பட்டென்று அறுந்துவிடாதா என்று தோன்றும். உலோகக் கம்பிக்குள் அணுக்கள் வெப்பத்தால் சலசலத்துக்கொண்டே இருக்கும், அந்தச் சலசலப்பே நாம் தேடும் அசைவை மூழ்கடித்துவிடும். சுத்தமான சிலிக்கா இழையில் அது மிகக் குறைவு. அந்தக் கண்ணாடிக்கு மேலே ஒரு எடை, அதற்கும் மேலே இன்னும் இரண்டு, ஆக நான்கு அடுக்கு ஊஞ்சல். கீழே தரை எவ்வளவு ஆடினாலும் கடைசி அடுக்குக்கு அது வந்து சேருவதற்குள் அடங்கிவிட வேண்டும்.

எவ்வளவு செய்தாலும் தொல்லை ஏதாவது ஒரு வழியில் வந்துவிடும். வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டு நிலையத்தில் 2017 கோடையில் விளங்காத ஒரு இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. தேடிப் போய்ப் பார்த்தால், திரவ நைட்ரஜன் போகும் குழாயின் மேல் படிந்திருந்த உறைபனியில் அலகால் கொத்திய தடங்கள். பாலைவன வெயிலில் தாகம் எடுத்த அண்டங்காக்கைகள் பனியைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. கற்களைப் போட்டுத் தண்ணீர் குடித்த காக்கையின் சொந்தக்காரர்கள்தான். குழாயைச் சுற்றி உறை போட்டு மூடியதும் இரைச்சல் நின்றது.

நம்பகத்தன்மைக்கு இன்னொரு கதை. 2010 செப்டம்பரில் அருமையான ஒரு சமிக்ஞை வந்தது. பெருநாய் விண்மீன் குழுவின் திசையிலிருந்து வந்ததாகத் தெரிந்ததால் 'பெரிய நாய்' என்று பெயர் வைத்து, நூற்றுக்கணக்கான ஆட்கள் ஆறு மாதம் மண்டையை உடைத்து ஆய்வுக் கட்டுரைகூட எழுதி முடித்துவிட்டார்கள். 2011 மார்ச்சில் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு ரகசிய உறையைப் பிரித்தார்கள். அது இவர்களைச் சோதிக்க நாலைந்து பேர் வேண்டுமென்றே உள்ளே செலுத்திய பொய்ச் சமிக்ஞை! தன்னைத்தானே இப்படிப் பரீட்சை வைத்துக்கொள்கிற கூட்டம் 'நிஜமாகவே பிடித்துவிட்டோம்' என்று சொன்னால் நான் நம்புவேன். 2015-இல் அலை வந்தபோதும் முதல் வேலையாக அவர்கள் விசாரித்தது, இதையும் யாராவது உள்ளே செலுத்தினார்களா என்பதைத்தான்.

கேள்வி: இதனால் சாதாரண மனிதனுக்கு என்ன லாபம்?

உங்கள் வீட்டில் தங்கம் இருக்கிறதா? 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது இறந்துபோன விண்மீன்களின் இறுகிய மிச்சங்கள், மோதின. ஈர்ப்பு அலை சுமார் நூறு நொடி கேட்டது, அது முடிந்து 1.7 நொடியில் ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பைப் பார்த்தது, பதினோரு மணி நேரத்துக்குள் எந்த விண்மீன் மண்டலம் என்றே கண்டுபிடித்து உலகத்துத் தொலைநோக்கிகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அங்கே பார்த்தது, தங்கம் பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் புதிதாக உருவாகிக்கொண்டிருப்பதை. நம் கழுத்திலும் காதிலும் இருக்கும் தங்கத்தில் ஒரு பங்காவது இப்படி ஏதோ ஒரு மோதலில் பிறந்தது என்பதற்கு அன்றுதான் நேரடிச் சாட்சி கிடைத்தது. சவரன் விலையைக் குறைக்க இது உதவாது, மன்னிக்கவும்.

கேள்வி: அப்படியானால் 2017 மாதிரி இன்னொன்று ஏன் வரவில்லை?

இந்தத் துறையில் எல்லாருக்கும் இருக்கும் ஆற்றாமை இது. எதிர்காலத் திட்டங்களில் பாதிக்குக் காரணமும் இதுதான்.

2019 ஏப்ரல் 25 அன்று நியூட்ரான் விண்மீன்கள் என்றே கருதப்படும் இன்னொரு ஜோடி மோதியது, சுமார் 50 கோடி ஒளியாண்டு தூரத்தில். ஆனால் அந்த நேரத்தில் ஹான்ஃபோர்டு நிலையம் ஓடவில்லை. லூசியானாவில் இருக்கும் லிவிங்ஸ்டனில் மட்டும் நன்றாகக் கேட்டது, இத்தாலியின் விர்கோவில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. விளைவு, 'வானத்தில் இந்த 8,000 சதுர பாகைக்குள் எங்கேயோ' என்றுதான் சொல்ல முடிந்தது. மொத்த வானத்தில் ஐந்தில் ஒரு பங்கு! அதில் எங்கே என்று தேடுவது? 2017-இல் மூன்று நிலையங்களும் ஓடியதால் 28 சதுர பாகைக்குள் அடக்கினார்கள்.

இருட்டில் ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஒரு காதுக்குச் சற்று முன்னால், இன்னொன்றுக்குச் சற்றுப் பின்னால் வந்து சேருவதால்தான். இதுவும் அதே கதை. காதுகள் தூரத் தூர இருக்க வேண்டும், எல்லாம் ஒரே தளத்தில் இருக்கக் கூடாது, முக்கியமாக எல்லாம் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். ஜப்பானின் காக்ரா ஒரு மலைக்குள் இருக்கிறது, 3 கி.மீ. நீளம், கண்ணாடிகளை மைனஸ் 250 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில் குளிர்விக்கும் திட்டம். ஆனால் 2024 புத்தாண்டு அன்று நோட்டோ நிலநடுக்கம் அதைக் குலைத்துப்போட்டது. இப்படி ஒன்று மாற்றி ஒன்று படுத்துக்கொள்ளும்போது, ஐந்தாவதாக ஒரு நிலையம் இருப்பது ஆடம்பரம் ஆகாது.

கேள்வி: அந்த ஐந்தாவது நம் லைகோ இந்தியாதானே? எந்த நிலையில் இருக்கிறது?

ஆமாம். மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டம், ஔண்டா பக்கத்தில். 2016 பிப்ரவரியில், முதல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட ஆறாவது நாளே கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. முழு ஒப்புதல் வந்தது 2023 ஏப்ரலில், 2,600 கோடி ரூபாய் மதிப்பீட்டில். ஆறு நாளுக்கும் ஏழு வருடத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். நம் ஊரில் அறிவியல் திட்டங்களின் ஜாதகம் இப்படித்தான்.

லேசர், கண்ணாடி, தொங்கல் அமைப்பு போன்றவை அமெரிக்க லைகோவிலிருந்து வரும். ஹான்ஃபோர்டில் முதலில் இரண்டு கருவிகள் வைப்பதாக இருந்தது, அந்த இரண்டாவதற்குச் செய்ததைத்தான் நமக்குத் தருகிறார்கள். நிலம், கட்டடம், வெற்றிடக் குழாய், நடத்துவது எல்லாம் நம் பொறுப்பு. வெற்றிடக் குழாய் என்று லேசாகச் சொல்லிவிட்டேன், 1.2 மீட்டர் விட்டத்தில் 8 கி.மீ. நீளத்துக்கு ஓட்டை ஒடிசல் இல்லாமல் வெல்டிங் செய்து, உள்ளே காற்றே இல்லாமல் வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். புனேயின் ஐயூகா வானியல் மையம், இந்தூரின் ராஜா ராமண்ணா மையம், காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம், அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவு ஆகியவை சேர்ந்து செய்கின்றன.

இலக்கு 2030. கட்டி முடிப்பதற்கும் அமெரிக்க நிலையங்களின் துல்லியத்துக்கு வந்து சேருவதற்கும் நடுவில் சில வருடம் ஆகும், அது அவர்களுக்கும் அப்படித்தான் ஆனது. எனவே 2030-களின் நடுவில் வந்தாலே எனக்குச் சந்தோஷம். வந்தால், வானத்தின் பல பகுதிகளில் இடம் காட்டும் துல்லியம் பல மடங்கு கூடும்.

கேள்வி: அமெரிக்காவில் லைகோவையே மூடப் போகிறார்களாமே?

2025 மே மாதம் வெள்ளை மாளிகை அனுப்பிய 2026-ஆம் நிதியாண்டு பட்ஜெட் முன்மொழிவில், இரண்டு நிலையங்களில் ஒன்றை நிறுத்தச் சொல்லியிருந்தது. பாதிச் செலவு மிச்சம், பாதி அறிவியல் போகும் என்று நினைத்தவர் போட்ட கணக்கு அது. ஒரு கை தட்டினால் ஓசை வராது. லிவிங்ஸ்டனில் ஒரு அசைவு தெரிந்தால் அது மரம் ஏற்றிப் போகும் லாரியா, கருந்துளையா என்று உறுதி செய்வது 3,000 கி.மீ. தள்ளியிருக்கும் ஹான்ஃபோர்டிலும் பத்து மில்லி நொடிக்குள் அதே அசைவு தெரிவதை வைத்துத்தான். ஒன்றை மூடினால் மிச்சமிருப்பது பாதிகூட இல்லை.

கேள்வி: ஐன்ஸ்டைன் தொலைநோக்கி, காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் என்பதெல்லாம் என்ன? இருப்பதையே பெரிதாக்குவதுதானா?

ஒரு வகையில் ஆமாம், ஆனால் பெரிதாக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரணத் தொலைநோக்கி வாங்குவது ஒளியின் ஆற்றலை, அது தூரத்தின் வர்க்கத்தில் குறையும். ஈர்ப்பு அலைக் கருவி அளப்பது அலையின் வீச்சை, அது தூரத்துக்கு நேராக மட்டுமே குறையும். எனவே கருவியின் கூர்மையை இரண்டு மடங்காக்கினால் இரண்டு மடங்கு தூரம் கேட்கும், அதாவது எட்டு மடங்கு கன அளவு வெளி. பத்து மடங்காக்கினால் ஆயிரம் மடங்கு. இந்த ஒரு வரிக்காகத்தான் கோடி கோடியாகக் கொட்டத் தயாராக இருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி பூமிக்கு அடியில் 200, 300 மீட்டர் ஆழத்தில் வரும். 10 கி.மீ. பக்கமுள்ள முக்கோணமா, 15 கி.மீ. கையுள்ள இரண்டு எல் வடிவமா என்று வாதம். இத்தாலியின் சார்டினியா தீவு, நெதர்லாந்து-பெல்ஜியம்-ஜெர்மனி எல்லை, ஜெர்மனியின் லாவ்சிட்ஸ் பகுதி என்று இடத்துக்கும் போட்டி. அமெரிக்காவின் காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் தரைக்கு மேலேதான், ஆனால் கை நீளம் 40 கி.மீ. அந்த நீளத்துக்குப் பூமி உருண்டையாக இருப்பதே ஒரு கட்டுமானப் பிரச்சினை: நேர்கோட்டில் குழாய் போட்டால் நடுப்பகுதிக்கும் இரண்டு கோடிகளுக்கும் தரைமட்டம் சுமார் 30 மீட்டர் வித்தியாசப்படும், ஓரிடத்தில் தோண்ட வேண்டும், இன்னோரிடத்தில் மேடாக்க வேண்டும்.

ஏன் பூமிக்கு அடியில்? 10 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்குப் பத்து அசைவுக்குக் கீழே போகப் போகத் தரை சும்மா இருப்பதே இல்லை. கடலலை, காற்று, லாரி. அதுகூடப் பரவாயில்லை, ஊஞ்சல் போட்டுத் தடுக்கலாம். ஆனால் அசைந்துகொண்டே இருக்கும் மண்ணின் ஈர்ப்பே கண்ணாடியை நேரடியாக இழுக்கிறது, அதற்கு எந்தத் தடுப்பும் கிடையாது. ஈர்ப்பை மறைக்கத் திரை இன்னும் யாரும் நெய்யவில்லை. ஆழத்துக்குப் போனால் அந்த அசைவு குறையும். அப்படிக் கிடைக்கும் தாழ்ந்த அதிர்வெண்களில், நியூட்ரான் விண்மீன் ஜோடி ஒன்று மோதுவதற்கு மணிக்கணக்கில் முன்பே கேட்கத் தொடங்கிவிடும். தொலைநோக்கிகளுக்கு 'இந்தப் பக்கம் திரும்பி உட்கார்' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நடந்து முடிந்த கல்யாணத்துக்குப் போய்ப் பந்தலைப் பார்க்கிற நிலை மாறும்.

ஆண்டுக்கு லட்சம் என்ற அளவில் மோதல்கள் பதிவாகும் என்று கணக்கிடுகிறார்கள். எப்போது? 2030-களின் பிற்பகுதிக்கு முன்னால் ஒன்றும் ஓடாது என்பது என் கணக்கு.

கேள்வி: லிசா என்று விண்வெளித் திட்டம் ஒன்று இருக்கிறதாமே?

ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரி 25 அன்று ஏற்றுக்கொண்ட திட்டம், 2035-இல் ஏவுவதாக உத்தேசம். மூன்று விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கி.மீ. தள்ளி, முக்கோணமாகச் சூரியனைச் சுற்றும். ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்கு லேசர் போய்ச் சேரவே எட்டு நொடிக்கு மேல் ஆகும்.

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இரண்டு கட்டிகள், தங்கமும் பிளாட்டினமும் கலந்தவை. ஒவ்வொரு பக்கமும் 46 மி.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் எடை ஏறத்தாழ 2 கிலோ. நம் கணக்கில் ஒன்று 250 சவரன், ஆறும் சேர்த்து 1,500 சவரன் எடை, அதில் முக்கால்வாசி தங்கம். அதை எதிலும் கட்ட மாட்டார்கள், எதன் மேலும் வைக்க மாட்டார்கள். பெட்டிக்குள் அது தன்போக்கில் மிதக்கும். சூரிய ஒளி தள்ளினால் கலம் தள்ளப்படுமே தவிரக் கட்டி தள்ளப்படாது, கலம்தான் மெல்ல நகர்ந்து கட்டியைத் தொடாமல் அதைச் சுற்றியே தன்னை வைத்துக்கொள்ள வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் தொட்டிலை நகர்த்துகிற வேலை. முடியுமா என்று பார்க்க 2015 டிசம்பரில் லிசா பாத்ஃபைண்டர் என்ற முன்னோட்டக் கலத்தை அனுப்பினார்கள். எதிர்பார்த்ததைவிடவே நன்றாக வேலை செய்தது.

லைகோ கேட்பது சூரியனைப் போலப் பத்து, நூறு மடங்கு எடையுள்ளவற்றின் மோதலை. லட்சம், கோடி மடங்கு எடையுள்ள ராட்சதக் கருந்துளைகள் மோதினால் அலை மிக மெதுவாக, ஒரு அசைவுக்கு நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்டு வரும். தரையில் இருந்து அதைக் கேட்கவே முடியாது. விண்மீன் மண்டலங்கள் எப்படி ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்தன என்பதற்கான நேரடிப் பதிவு அது. லிசாவின் தலைவலியே வேறு: நம் பால்வழியிலேயே ஒன்றையொன்று சில நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் வெண்குறுமீன் (எரிந்து அடங்கிய விண்மீனின் மிச்சம்) ஜோடிகள் ஏராளம், எல்லாம் ஒரே நேரத்தில் ரீங்கரிக்கும். விடியற்காலை கோயம்பேடு மார்க்கெட்டில் நின்றுகொண்டு ஒருவர் குரலை மட்டும் பிரித்துக் கேட்பது எப்படியோ அப்படி. லைகோவுக்குச் சத்தம் போதாது, லிசாவுக்குச் சத்தம் அதிகம்.

கேள்வி: கருவியே கட்டாமல் கேட்டுவிட்டார்கள் என்று 2023-இல் படித்தேன். உண்மையா?

உண்மை. பல்சார்கள் என்று விண்மீன்கள் உண்டு, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழன்று கலங்கரை விளக்கம் மாதிரி ரேடியோத் துடிப்பு அனுப்புபவை. கடிகாரம் தோற்கும். அந்தத் துடிப்பு வந்து சேரும் நேரம் துளி முன்பின் ஆனால், நடுவில் இருக்கும் வெளிதான் நீண்டு சுருங்கியிருக்கலாம். வட அமெரிக்காவின் நானோகிராவ் குழு 67 பல்சார்களை வைத்து 15 வருடத் தரவுகளை அலசியது. ஐரோப்பியர்களோடு சேர்ந்து இந்தியப் பல்சார் குழுவும், தனித்தனியாக ஆஸ்திரேலிய, சீனக் குழுக்களும் 2023 ஜூன் இறுதியில் ஒன்றாக அறிவித்தார்கள்: ஒரு அசைவுக்கே வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒரு மெல்லிய முனகல் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. நூறு கோடி சூரிய எடையுள்ள கருந்துளை ஜோடிகள் ஏராளமாகச் சுற்றுவதால் எழும் முனகலாக இருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து.

இந்தியக் குழுவுக்கு முதுகெலும்பு புனே பக்கம் இருக்கும் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி. தொடக்கத்தில் நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியும் கூட வேலை செய்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பொட்டானிக்கல் கார்டனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முத்தோரைப் பக்கம் போனால், மலைச்சரிவோடு சாய்ந்து அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் அந்தக் கம்பி வலையைப் பார்க்கலாம். அங்கே மலைச் சரிவும் 11 பாகை, இடத்தின் அட்சரேகையும் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. 1970-இல் அந்தச் சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டியவர்களுக்கு ஒரு கும்பிடு.

கேள்வி: பெருவெடிப்பின் சத்தத்தையே கேட்க முடியுமா?

கொள்கையளவில் முடியும். பிரபஞ்சம் பிறந்த முதல் கணத்தின் அலைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். 2014 மார்ச்சில் தென்துருவத்திலிருந்து பைசெப் குழு 'அதன் தடத்தைப் பார்த்துவிட்டோம்' என்று அறிவித்தது, கடைசியில் அது நம் பால்வழியின் தூசி என்று தெரிந்தது. அதனால் அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் கொண்டாட ஒரு வருடம் பொறுங்கள்.

கேள்வி: ஐன்ஸ்டைன் தவறு என்று வந்தால்?

அதைத்தான் எல்லாரும் ஆசையாக எதிர்பார்க்கிறார்கள். இதுவரை வரவில்லை. 2017 மோதலில் அலையும் ஒளியும் 13 கோடி வருடம் பயணம் செய்து 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்ததால், ஈர்ப்பும் ஒளியும் ஒரே வேகம் என்று உறுதியாகி, பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் கரும் ஆற்றலை விளக்கப் புறப்பட்ட மாற்றுக் கொள்கைகள் பல ஒரே நாளில் காலியாயின. அதே மோதலிலிருந்து பிரபஞ்சம் விரியும் வேகத்தையும் புது வழியில் அளந்தார்கள், ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு நொடிக்குச் சுமார் 70 கி.மீ. என்று வந்தது. ஏற்கெனவே இரண்டு கட்சிகள் 67 என்றும் 73 என்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன, இவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பிழை வரம்பு பெரிது என்பதால் இன்னும் யாருக்கும் தீர்ப்பு இல்லை. அதே மாதிரி ஐம்பது மோதல்கள் வேண்டும்.

கேள்வி: பெரிய அலை வந்தால் நமக்கு ஆபத்தா?

இல்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் உடலை எத்தனையோ அலைகள் கடந்து போயிருக்கும்.

கேள்வி: இதில் நம் ஆட்கள் யார்?

வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரைச் சொல்லாமல் முடியாது. கனமான விண்மீன் வெண்குறுமீனாக நிலைக்க முடியாது என்று 1930-இல் இருபது வயதுக்குள் கணக்குப் போட்ட தமிழர். ஆனால் ஈர்ப்பு அலைக்கு இன்னும் நெருக்கமானவர் பெங்களூருவின் சி.வி. விஷ்வேஸ்வரா. கருந்துளையைத் தட்டினால் கோயில் மணி மாதிரி ஒலித்து அடங்கும், அந்த ஒலியை வைத்தே அதன் எடையைச் சொல்லலாம் என்று 1970-இல் காட்டினார். அப்போது கருந்துளை இருக்கிறதா என்றே பலருக்குச் சந்தேகம். 2016 அறிவிப்பைக் கேட்டுவிட்டு அடுத்த ஜனவரியில் மறைந்தார். முதலில் சொன்னேனே, 2025 ஜனவரி அலை, அதில் அந்த மணியோசையின் இரண்டு சுரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுவிட்டார்கள். இருந்து கேட்டிருக்க வேண்டும். இன்றைக்குச் சென்னைக் கணிதக் கழகத்திலும் லைகோ குழு ஒன்று இருக்கிறது, சிறுசேரியில், ஐடி கம்பெனிகளுக்கு நடுவில்.

கேள்வி: என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவனுக்கு இதில் இடம் இருக்குமா?

லிசா கிளம்பும்போது அவனுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது, முனைவர் பட்டத்துக்குச் சேருகிற வயது. இதைவிடப் பொருத்தம் பார்க்க முடியாது. இயற்பியல்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை, வெற்றிடம், லேசர், கட்டுப்பாட்டுப் பொறியியல், மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை.

இப்போதே தொடங்க வேண்டுமென்றால் கிராவிட்டி ஸ்பை என்று இணையத்தில் ஒரு மக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது. லைகோவில் பதிவான உண்மையான இரைச்சல்களைப் படமாகக் காட்டுவார்கள், அது எந்த வகை என்று நாம் சொல்ல வேண்டும். வாலும் துடுப்புமாக மீன் மாதிரி இருப்பதற்குக் 'கோய் மீன்' என்றே பெயர். பட்டமோ முன்அனுபவமோ கேட்பதில்லை. கருவிகளின் தரவும் சில காலம் கழித்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படுகிறது, பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் 2015-இன் முதல் அலையை வீட்டு மடிக்கணினியிலேயே வடிகட்டி எடுத்துக் கேட்கலாம். 35 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 250 வரை விறுவிறுவென்று ஏறி 'விப்' என்று நின்றுவிடும். நான் முதன்முதலில் எடுத்துப் போட்டுக் காட்டியபோது வீட்டில் எல்லாரும் கேட்டது, 'அவ்வளவுதானா?'. அவ்வளவுதான். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் அந்த ஆரம்பத்துத் தாழ்ந்த பகுதி கேட்கவே கேட்காது.